முறைத் தண்ணீருக்குப் படிவத்தில் இடமில்லை

அந்த வேலையில் சேர்ந்த முதல் நாள் என்னிடம் கொடுக்கப்பட்டவை இவை: ஒரு டேப்லெட், ஒரு அடிக்கோல், சுற்றிலும் துளையிட்ட இருபது பிளாஸ்டிக் குழாய்கள், இரண்டு கண்ணாடிப் பெட்டிகள், சிரிஞ்சுகள், ரப்பர் மூடியிட்ட குப்பிகள், திட்டத்தின் சின்னம் அச்சிட்ட ஒரு தொப்பி. தொப்பியைத் தவிர எல்லாவற்றையும் ஒரு சம்பா பருவம் முழுக்கப் பயன்படுத்தினேன்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நெல் வயலில் தண்ணீர் தேங்கியே நின்றால் சேற்றுக்குள்ளிருந்து மீத்தேன் வெளியேறும். அது பூமியைச் சூடாக்கும் வாயு. வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் குறையும். எப்போது பாய்ச்சுவது என்று தெரிய, துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, அதற்குள் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மண்மட்டத்துக்குக் கீழே பதினைந்து சென்டிமீட்டர் இறங்கும்வரை பாய்ச்சக் கூடாது. இறங்கியதும் பாய்ச்ச வேண்டும். இதில் எதுவும் பொய்யில்லை. வேளாண் பொறியியலில் நான் படித்தது இதுதான். இன்றும் நம்புகிறேன்.

பணம் கடல் தாண்டி, ஒரு குளிர்நாட்டு அரசிடமிருந்து வந்தது. அந்த நாடும் நம் நாடும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, வலங்கைமான் பக்கத்து வயல்களில் குறைகிற மீத்தேனை அவர்கள் தாங்கள் குறைத்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். அவர்கள் ஊர் ஆலைப் புகைக்கு எங்கள் ஊர் வயல் காய வேண்டும். சேர்ந்த புதிதில் இது எனக்குக் கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு அப்பாவிடம் விளக்கிக்கூடச் சொன்னேன். கும்பகோணத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தபோதே குடும்ப நிலத்தை விற்றுவிட்டவர் அவர். "நல்ல கம்பெனியா?" என்று மட்டும் கேட்டார்.

ஊராட்சிக் கட்டடத்தில் முதல் கூட்டம் நடந்தது. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் திரையில் படங்கள் காட்டினார். நான் தமிழில் சொன்னேன். ஈரம், காய்ச்சல், ஈரம், காய்ச்சல் என்று நீலமும் பழுப்புமாகப் பட்டைகள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தார்.

"ஏங்க, இதத்தான காய்ச்சலும் பாய்ச்சலும்னு எங்க மாமியா தெனமும் சொல்லும். இதுக்கா ஏரோப்ளேன் ஏறி வந்தீங்க?"

கூட்டம் சிரித்தது. நிபுணர் என்னைப் பார்த்தார். தனக்கு இந்த முறை ஏற்கெனவே தெரியும் என்கிறார் என்று மொழிபெயர்த்தேன். நிபுணருக்கு மகிழ்ச்சி. உடனே அந்தப் பெண்ணின் வயலைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். அப்படித்தான் அந்த அக்கா திட்டத்துக்குள் வந்தார். வாயைத் திறந்ததுதான் அவர் செய்த தப்பு.

அக்காவைப் பற்றி நான் படிவத்தில் நிரப்பியவை: வயது முப்பத்தெட்டு, நிலம் நாலு மா, அதாவது ஒரு ஏக்கருக்குச் சற்று மேல், கணவர் குவைத்தில் கட்டட வேலை, மகள் பத்தாம் வகுப்பு. படிவம் கேட்காததால் நிரப்பாதவை: நிலம் அவருடையது அல்ல. ஊரில் இரும்புக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவருடைய நிலம். குத்தகை வாய்மொழிதான், எந்தத் தாளும் கிடையாது. ஒவ்வொரு தை அறுவடைக்குப் பிறகும் பாய் வயலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சரி, அடுத்த வருசமும் நீயே பாரு" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அந்தக் குடும்பம் ஊரில் இருந்தது. அந்த நாலு மாவைக் கேட்டு வேறு இரண்டு பேர் பாயின் கடைக்கு நடந்துகொண்டிருந்தார்கள் என்பதை அக்காவே சொல்லியிருந்தார். "வெள்ளாம கொறஞ்சா நான் அவுட்டு. அதுக்கப்புறம் நானும் குவைத்துக்கு வீட்டு வேலைக்குத்தான் போவணும்."

இன்னொன்றும் நிரப்பவில்லை. அந்த வயல் வாய்க்காலின் கடைசி வயல்.

அந்த ஆண்டு ஐப்பசி மழை ஏமாற்றியது. அணையில் தண்ணீர் குறைந்ததால் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். எங்கள் வாய்க்காலுக்கு மூன்று நாள் திறப்பு, ஏழு நாள் அடைப்பு. திறந்த மூன்று நாளுக்குள் தலைமடையிலிருந்து வயல் வயலாகத் தண்ணீர் இறங்கி வரும். அக்காவின் முறை மூன்றாம் நாள் விடிந்ததிலிருந்து மதியம்வரை. அந்த அரை நாளில் மடையைத் திறந்து பாய்ச்சிக்கொள்ள வேண்டும். எனக்கு இன்று வேண்டாம், நாளை மறுநாள் தாருங்கள் என்று கேட்கும் வழக்கமே அங்கே இல்லை. விட்டது விட்டதுதான். இதை ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும் என்பதால். எனக்குத் தெரியாது. "முறைப்பாசனம்" என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். அதற்குத் தேர்வில் இரண்டு மதிப்பெண்.

மார்கழித் தொடக்கத்தில் ஒரு காலை. பயிர் தொண்டைக்கதிராக நின்றது. கதிர் வெளியே தலைகாட்டுமுன் தண்டுக்குள் திரண்டிருக்கும் பருவம் அது. இன்னும் எட்டுப் பத்து நாளில் பூக்கும். குழாய்க்குள் அடிக்கோலை விட்டுப் பார்த்தேன். மண்மட்டத்துக்குக் கீழே பத்து சென்டிமீட்டர். அக்கா மண்வெட்டியோடு மடையில் நின்றார். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"தொறக்கட்டுமா?"

"இன்னும் அஞ்சு சென்டிமீட்டர் இருக்குக்கா. ரெண்டு நாள்ல எறங்கிடும். அப்ப பாய்ச்சுங்க."

"ரெண்டு நாள்லயா? இன்னிக்குத்தான் நம்ம முறை. மத்தியானம் ஷட்டர எறக்கிருவாங்க."

"ஒரு நிமிஷம்" என்று ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தேன். எங்கள் தொண்டு நிறுவனத்தின் சார்பில் திட்டத்தை நடத்தியவர் அவர். சென்னையிலிருந்து வந்தவர், நல்ல சட்டைகள் அணிபவர். நான் நிலைமையைச் சொன்னேன்.

"பதினஞ்சு டச் ஆகாம பாய்ச்சினா அந்தக் காய்ச்சல் செல்லாதும்மா. மூணு காய்ச்சல் முடிச்சாத்தான் அந்த வயல் கணக்குல வரும். இது மூணாவது. அந்த அம்மாகிட்ட சொல்லு, தேவைப்பட்டா நாம இன்ஜின் வச்சு எறச்சுக் குடுத்துடலாம்னு."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "எறச்சுக் குடுப்பீங்களா?" என்றார்.

"குடுப்போம்க்கா."

நான்தான் சொன்னேன். அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். மேல்வயல்காரர் அதற்காகவே காத்திருந்ததுபோல வரப்பில் வந்து நின்று, "என்ன, இன்னிக்கு உங்களுக்கு விரதமா?" என்று கேட்டுவிட்டுத் தன் மடையை அகலமாக வெட்டினார். மதியம் ஷட்டர் இறங்கியது.

மூன்றாம் நாள் குழாயில் பதினைந்து. டேப்லெட்டில் "பாய்ச்சவும்" என்று பச்சை நிறத்தில் எழுந்தது. வற்றிய வாய்க்காலில் நண்டுகள் ஓடின. ஒருங்கிணைப்பாளரிடம் இன்ஜின் கேட்டேன். பார்க்கிறேன் என்றார். ஐந்தாம் நாள் மீண்டும் கேட்டேன். அன்று மாலை மின்னஞ்சல் வந்தது. சாரம் இதுதான்: டீசல் இன்ஜின் புகை விடும், புகை விடும் எதையும் இந்தத் திட்டத்தில் பயன்படுத்த நிதி கொடுத்த நாட்டின் விதி இடம் தராது, மேலும் அதற்கான நிதித் தலைப்பும் இல்லை.

இரண்டு முறை படித்தேன். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு ஷட்டரடிக்குப் போனேன். பொதுப்பணித் துறையில் மதகை ஏற்றி இறக்கும் ஊழியரை இங்கே லஸ்கர் என்பார்கள். அவர் வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். என் அடையாள அட்டையைப் பார்த்தார். வெளிநாட்டுக் கொடி, நம் கொடி, இரண்டும் அதில் இருந்தன.

"சாவி என்கிட்ட இருக்குங்க. உத்தரவு என்கிட்ட இல்ல" என்றார். "எந்த வயலு?"

சொன்னேன்.

"அந்தம்மா அன்னிக்கு ஏன் பாய்ச்சல? நான் கடைசி மடைக்கு எட்டுற வரைக்கும் பாத்துட்டுத்தான எறக்கினேன்?"

வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்றேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார்.

மேல்வயல்காரரிடம் மின்மோட்டார் இருந்தது, போய்க் கேட்டேன். மோட்டாருக்கும் அக்கா வயலுக்கும் நடுவில் கதிர் வாங்கும் வயல் ஒன்று, ஓஸ் பைப் இழுக்க வழியில்லை, கிடைக்கும் மின்சாரமோ அவருக்கே போதவில்லை. அவர் மறுத்ததில் நியாயம் இருந்தது. அடுத்த முறை பத்தாம் நாள் வந்திருக்க வேண்டும். அணையில் தண்ணீர் மேலும் குறைந்ததால் ஒரு வாரம் தள்ளிப் போனது. பதினேழாம் நாள்தான் அக்காவின் மடைக்குத் தண்ணீர் வந்தது. அதற்குள் பயிர் வெடிப்பு மண்ணில் நின்றபடியே பூத்து முடித்திருந்தது. அந்த நாட்களிலும் நான் தினமும் போய் அளந்தேன். இருபது, இருபத்து நான்கு, அதற்குக் கீழே குழாயே இல்லை. பயிரின் மேல் கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து, சிரிஞ்சால் வாயு மாதிரியும் எடுத்தேன். நான் குனிந்து சிரிஞ்சை இழுக்கும்போது அக்கா வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"தண்ணி குடுக்காம ஊசி மட்டும் போடுறீங்க" என்றார் ஒரு நாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தை பிறந்து, கதிர்கள் தலைசாயாமல் விறைத்து நின்றன. அந்த வாரம் வெளிநாட்டு அலுவலகத்திலிருந்து வாழ்த்து வந்தது. எல்லா வயல்களிலும் மிகக் குறைந்த மீத்தேன் அக்காவின் வயலில். மிக நீண்ட காய்ச்சலும் அங்கேதான். விவசாயியின் ஒழுங்கையும் களப்பணியாளரின் அக்கறையையும் பாராட்டியிருந்தார்கள். தங்கள் நாட்டுத் தூதுக்குழு வரும்போது அந்த வயலைத்தான் பார்க்க விரும்புகிறார்களாம்.

நான் அமைதியானவள் என்று வீட்டிலும் கல்லூரியிலும் பெயர் எடுத்தவள். அன்று டேப்லெட்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றேன். வறட்சியில் பயிர் சாகும் வயல் மீத்தேன் விடாது. இது கண்டுபிடிப்பு அல்ல. செத்தவருக்குக் காய்ச்சல் அடிப்பதில்லை என்று வாழ்த்து அனுப்புவது போன்றது. படிவத்தைத் திறந்து பார்த்தேன். "வயல் காய்ந்ததற்குக் காரணம்" என்று ஒரு கேள்விகூட இல்லை. "பாய்ச்சல் தேதி" என்ற கட்டம் இருந்தது. அதை நிரப்புகிறவர் தன் கையால் ஒரு குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் ஊரில் இருப்பவர் என்று நினைத்துச் செய்த படிவம். ஆற்றைப் பங்குபோட்டு வாழும் ஊர்களின் மேல் அதை வைத்திருந்தார்கள். நானும் அதை ஒரு முறைகூடக் கேள்வி கேட்காமல் நாள்தோறும் நிரப்பியிருந்தேன்.

தூதுக்குழு வந்த அன்று காலை அவர்களுக்குத் தாராசுரம் கோயில் காட்டப்பட்டது. பிறகு மூன்று கார்களில் வயலுக்கு வந்தார்கள். சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், தண்ணீர் பாட்டில்கள், ஒரு பொன்னாடை. விருந்தினர்கள் திரும்பி ஏறும்போது உள்ளே குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்காக, மூன்று கார்களும் இயந்திரத்தை அணைக்காமல் சாலையில் நின்றன. அந்த ஒரு மணி நேரமும் நின்றன. புகை விடும் எதற்கும் இடமில்லை என்று எழுதிய திட்டத்தின் கார்கள்.

குழுவின் தலைவி வயதானவர், மரியாதையானவர். அக்காவுக்குக் கைகூப்பினார். இந்த வயல் உலகத்துக்கு எதைக் கற்றுத்தந்தது என்று அக்காவின் வாயாலேயே கேட்க விரும்புவதாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

அக்கா பொன்னாடையோடு வயலுக்குள் இறங்கி ஒரு கதிரைப் பிடுங்கினார். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினார். முக்கால்வாசி பறந்துவிட்டது.

"பதரு. நாலு மாவும் இப்படித்தான். முறை வந்தன்னிக்குப் பாய்ச்சாதன்னாங்க. பாய்ச்சல. இன்ஜின் வச்சுத் தரேன்னாங்க. தரல. பதினேழு நாள் காஞ்சுது. நானா காயப்போடல, தண்ணி இல்லாம காஞ்சுது. பாய் வந்து பாத்தா நெலத்த வேற ஆளுக்கு விட்டுருவாரு. இதச் சொல்லு தங்கச்சி. அப்படியே சொல்லு."

ஒருங்கிணைப்பாளர் என் பின்னால் வந்து, "விளைச்சல் கொஞ்சம் கொறவு, ஆனா சூழலுக்கு நல்லதுன்னு சொல்றாங்கன்னு முடிச்சிடு" என்று தணிந்த குரலில் சொன்னார்.

நான் அக்கா சொன்னதை வரிவரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். பாய்ச்ச வேண்டாம் என்று சொன்னவள் நான்தான் என்பதையும் சேர்த்தேன்.

தலைவி நன்றாகவே கேட்டுக்கொண்டார். முகம் வாடியது. பிறகு, இது மிகவும் வருத்தமானது, ஆனால் ஆற்றுநீர்ப் பங்கீடு இந்த நாட்டின் உள்விவகாரம், எங்கள் திட்டத்தின் எல்லைக்குள் வராது என்றார். மீத்தேன் எந்த நாட்டின் உள்விவகாரம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். எங்கள் வயலின் காற்று அவர்கள் எல்லைக்குள் வருகிறது. தண்ணீர் வரவில்லை. தலைவி சொன்னதை அக்காவுக்குத் தமிழில் சொன்னபோது அவர், "எல்லையா? எந்த வரப்பு வரைக்குமாம்?" என்று கேட்டார். அவர்கள் கார் ஏறினார்கள்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. அந்த வயலின் தரவு மற்றவற்றோடு ஒத்துப்போகாததால் நீக்கப்படுகிறது. அதை வெற்றி என்று எழுதாதீர்கள் என்றுதான், தூதுக்குழு போனதும் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டிருந்தேன். எழுதவில்லை. இழப்பு என்றும் எழுதவில்லை. அறிக்கையில் நாலு மா இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் அக்கா அலுவலகத்துக்கு வந்தார். முதல் முறையாக என்னை மேடம் என்று கூப்பிட்டார்.

"மேடம், பாய் நாளக்கழிச்சு வயலுக்கு வராரு. நான் பயிரப் பாக்காம வேற ஊரு நடவுக்குப் போயிட்டேன்னு அந்த ரெண்டு பேரும் அவருகிட்ட ஓதி வச்சிருக்காங்க. நடந்தத ஒரு தாளுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் சொன்னா அவரு நம்ப மாட்டாரு. தாளுன்னா நம்புவாரு."

ஒருங்கிணைப்பாளர் கேட்டுக்கொண்டிருந்தார். எழுத்தில் எதுவும் கொடுக்கக் கூடாது, நாளை வழக்கு வந்தால் நிறுவனம் பொறுப்பாகிவிடும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் வெள்ளைத்தாள் எடுத்தேன். சின்னம் அச்சிட்ட தாளை எடுக்கவில்லை. அது அவருடையது.

ஒன்று, இன்ன தேதி காலை இந்த வயலுக்கு முறைத் தண்ணீர் வந்தது. இரண்டு, பயிரிடுபவர் மடையைத் திறக்கத் தயாராக இருந்தார். மூன்று, திறக்க வேண்டாம் என்று சொன்னவள் நான். நான்கு, இன்ஜின் தருவதாகச் சொன்னோம், தரவில்லை. ஐந்து, பதினேழு நாள் தண்ணீர் இல்லை. அந்த நாட்களில் அவர் ஒரு நாளும் வயலை விட்டுப் போகவில்லை, தினமும் அங்கே பார்த்தேன். ஆறு, பயிர் பதரானதற்கு அவர் காரணம் அல்ல. கீழே கையெழுத்து, என் போன் எண்.

"இதோட விளைவு தெரியுமில்ல?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"தெரியும் சார்."

தெரிந்தபடியே மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

பாய் எனக்குப் போன் செய்தது வயலைப் பார்த்த அன்று மதியம். பின்னால் இரும்புக் கம்பிகள் உரசும் சத்தம். தாளை எழுதியது நீதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"ஏம்மா, முறை நாள்ல மடையத் தொறக்காதன்னு சொல்றதுக்குக் காலேஜ் போயிப் படிக்கணுமா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அரபு நாட்டுல பதினாறு வருசம் கடல்தண்ணிய நன்னீராக்குற பிளாண்ட்ல வேல பாத்தவன் நான். தண்ணி ஓடுறதப் பாத்துட்டு நாளைக்கும் ஓடும்னு அங்க எந்தப் பைத்தியக்காரனும் நெனைக்க மாட்டான். நீ இந்த மண்ணுல பொறந்த புள்ளதான?"

"ஆமாங்க பாய். தப்பு என்னுதுதான். அவங்க மேல இல்ல."

"அதுதான் தாளுலயே இருக்கே. சரி வையி."

அந்தத் தொனியில் எனக்கு எதுவும் புரியவில்லை. மாலைவரை எந்தச் செய்தியும் இல்லை. நான்கு மணிக்கு மேல் அக்கா கூப்பிட்டார். "குடுத்துட்டாருங்க. ஒரு வருசத்துக்கு. அடுத்த தையிலயும் இப்படி இருந்தா என் மூஞ்சியிலயே முழிக்காதன்னுட்டாரு." மூச்சு வாங்கியது. ஓடி வந்து பேசியிருப்பார் போலிருந்தது. "தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். அந்தத் தாள அவரே வச்சுக்கிட்டாரு. உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

ஆகாது என்றேன்.

இரண்டு நாட்டு அரசுகள் கையெழுத்திட்ட திட்டம் அது. நிபுணர்கள், கருவிகள், தூதுக்குழு, விதிகள் எல்லாம் இருந்தன. அந்தப் பெண் தன் நாலு மாவை ஒரு வருடத்துக்குத் தக்கவைத்துக்கொண்டது அவற்றில் எதனாலும் அல்ல. கோபக்காரக் கடைக்காரர் ஒருவர் அன்று மதியம் ஒரு வெள்ளைத்தாளைப் படித்து நம்பியதால். அவர் நம்பாமல் போயிருந்தால் அக்கா இப்போது குவைத்தில் யார் வீட்டிலாவது பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். திட்டத்தின் இறுதி அறிக்கையில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது.